மாடிக் கம்பியின் மூன்று கால்கள்

என்னைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார்கள். வெல்டிங் வேலைக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவதால் வந்த பெயர். அதைச் சொன்னால்தான் தெருவில் ஆள் தெரியும். வயது நாற்பத்தாறு. ஆலயத்துக்குப் பின்தெருவில், என் பட்டறைக்கு மேலே உள்ள வீட்டில் மனைவியோடு வசிக்கிறேன். இதைச் சொல்ல இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் வருவது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும், ஆளைப் பிடித்தாகிவிட்டது, போய் வேலையைப் பார் என்று திருப்பி அனுப்பினார்கள். எரிச்சலோடுதான் பேசுகிறேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

சென்ற வருடம் ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் மாடிக்குக் கைப்பிடிக் கம்பி அமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மொத்தம் எட்டுக் கால்கள். சனிக்கிழமை மத்தியானம் ஐந்து கால்களை முழுதாகப் பற்ற வைத்து முடித்தபோது வெல்டிங் ராடு தீர்ந்துவிட்டது. மீதி மூன்றுக்கும் தலா இரண்டு பொட்டு மட்டும் வைத்தேன். கம்பி நகராமல் நிற்பதற்கான பொட்டு அது, ஆள் சாய்வதற்கானது அல்ல. அதன் பிறகு, மறுநாள் ஆராதனைக்கு அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று போதகர் அவசரப்படுத்தியதால், அந்த மூன்றின் மேலும் பட்டி தடவி பெயின்ட் அடித்தேன். திங்கட்கிழமை ராடு வாங்கிக்கொண்டு போனேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. பற்ற வைத்தால் கருகிவிடும், சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது என்று திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஏழு மாதம் கழித்து, பாட்டுப் பயிற்சியின்போது, குழுவில் பாடும் தையல்கார அக்கா அந்தக் கம்பியில் சாய்ந்தார். மூன்று கால்களும் விட்டுவிட்டன. கீழே விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பொட்டு மட்டும் வைத்த கம்பி பிடிவிட்டால் அதன் விளிம்பு வழவழவென்று இருக்கும். தொழில் தெரியாதவர்கள் அதை யாரோ ரம்பத்தால் அறுத்ததாக முடிவுகட்டினார்கள். ஆலயக் காவலாளியின் அறையில் ரம்பம் ஒன்று இருந்தது. முந்தின வாரம்தான் அவர் லீவு கேட்டுக் கமிட்டியோடு சண்டை போட்டிருந்தார். போதாதா? ஆளை உள்ளே வைத்துவிட்டார்கள். இன்றோடு பத்தொன்பது நாள்.

அதன் பிறகு போதகரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "ஆண்டவர் உன்ன மன்னிச்சிட்டாரு தம்பி. நாம கிரியையினால இல்ல, கிருபையினாலதான் பிழைக்கிறோம். நியாயம் தீர்க்கிறத அவர்கிட்ட விட்டுடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் ஒளித்துச் செய்வதுகூட நியாயத்தீர்ப்புக்கு வரும், அவனவன் செய்ததற்குத் தக்கதுதான் அவனவனுக்குக் கிடைக்கும், வேதம் அப்படித்தான் சொல்கிறது என்று போன மாதம் பிரசங்கித்தவரே இவர்தான். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் போனது.

"அந்த நாள்ல எல்லாம் வெளிய வரும்ப்பா" என்றார்.

"அந்த நாள் வரைக்கும் காவலாளி அண்ணன் உள்ளயே கெடக்கணுமாய்யா? கிருபை எனக்கு, ஜெயில் அவருக்கா?" என்று கேட்டேன். அதற்கு அவர், டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "உன்ன மன்னிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிச்சுக்கிறேன். எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு" என்றார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன், மறுநாளும் வந்தேன். இன்று, ஆலயத்தில் கேட்பாரற்றுக் கிடந்த உடைந்த கால் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டே பொட்டின் தடம் தெரியும்படி மேசைமேல் வைத்தேன். அதன் பிறகே உட்காரச் சொன்னார்கள்.

எழுதியதை ஸ்டேஷன் ரைட்டர் படித்துக் காட்டினார். 'தவறுதலாக' முழுதும் பற்ற வைக்காமல் விட்டதாக எழுதியிருந்தார். "அப்படி இருந்தா உனக்கு நல்லதுய்யா" என்றார். அதை அடிக்கச் சொல்லி, 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கிறது. இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்றுதான் வற்புறுத்தினார்கள்.

(கையொப்பம்)