அருவிக் கரையில் துணி காத்தவர்

பஹ்ரைன் நாட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் வெயிலைத் தலையில் சுமந்துவிட்டு, இன்று தென்காசிச் சாரலுக்குப் பயந்து தலையில் மப்ளர் சுற்றி வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் பால்வண்ணநாதன் அண்ணாச்சி அவர்களே! என் கையில் இருக்கும் தாளை என்னைவிடக் கவலையோடு எட்டிப் பார்க்கும் செயலாளர் காந்திமதிநாதன் அண்ணாச்சி அவர்களே! கடல் கடந்த பிள்ளைகளைக் கைப்பேசிக்குள் கண்டு கண் கலங்கும் தாய்மார்களே! விடுமுறையில் வந்திருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்களே! நாற்காலி காலியாக இருந்தும் வாசலோரமாகவே நின்று கேட்கும் அண்ணன்மார்களே! அனைவருக்கும், அயலகத் தொழிலாளர் குடும்பச் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவில், யூசுப் மகள் ஷஹானாவின் ஸலாமும் வணக்கமும்!

இந்த இடத்தில் நிற்க வேண்டியவர் ஒரு பேராசிரியர். அழைப்பிதழில் அவர் பெயர்தான் இருக்கிறது. 'தாய்மண்ணை எண்ணித் தவிக்கும் நெஞ்சங்கள்' என்று தலைப்பும் கொடுத்திருந்தார். இன்று காலை அவர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றதாம். சீசன் குளியலுக்குக் கோவில்பட்டியிலிருந்து பதினான்கு விருந்தாளிகள். பேராசிரியர் இப்போது ஐந்தருவியில் இருக்கிறார்.

சிரிக்காதீர்கள். இந்நேரம் உங்கள் வீட்டு வாசலிலும் வேன் நிற்கலாம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்து அங்கே உட்கார்ந்தேன். அதனால் வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பலருடைய எண்ணும் என்னிடம் இருக்கிறது. "ஏட்டி, ஊர்ல எத நெனச்சு ஏங்குதீங்கன்னு ஆளுக்கொரு வாய்ஸ் வாங்கு. எழுதிப் பேராசிரியர்ட்ட குடுப்போம்" என்றார் தலைவர். வாங்கினேன். பேராசிரியர் வரவில்லை என்றதும், "எழுதுனது நீதானட்டி, நீயே ஏறி வாசிச்சிரு. மைக்கு ஒண்ணும் கடிக்காது" என்றும் அவரே சொன்னார்.

ஆக, வாசிக்கிறேன். முதலில் வந்த பதினெட்டுப் பதிவுகளும் ஒரே பதிவு! சாரல், பரோட்டா, அம்மா கை மீன்குழம்பு. சாரல், பரோட்டா, அம்மா கை மீன்குழம்பு. ஒருவர், அடுத்தவர் பேசி அனுப்பியதையே அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார். ஏக்கத்திலும் ஜெராக்ஸா, என் அருமைச் சபையோரே?

பத்தொன்பதாவது ஆளாக மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் உமாசங்கர் அண்ணன் வந்தார். எடுத்த எடுப்பிலேயே, "ஷஹானா, நெசத்தச் சொல்லட்டா, இல்ல மேடைக்குச் சொல்லட்டா?" என்று கேட்டார். நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். அந்த ஒரு வார்த்தையால்தான் இன்று இந்தப் பேச்சே தலைகீழாகிவிட்டது.

"ஊர்ல நான் சந்தோசமா விட்டுட்டு வந்தது ஒரு கேள்வி" என்றார். என்ன கேள்வி? கேளுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வந்து, ஒரு டீ குடிக்கலாம் என்று காரை நிறுத்தியிருக்கிறார். டீ மாஸ்டர் கேட்டாராம்: "ஏலே உமா, எப்பம் வந்தே? எப்பம் போறே?" டீ ஆறவில்லை, அடுத்தவர் கேட்டார். தெருமுனையில் கேட்டார்கள், பலசரக்குக் கடையில் கேட்டார்கள், பல்லுத் தேய்த்துக்கொண்டு நின்றவர் நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டார். ஓடி வந்து கதவைத் திறந்த பெற்ற தாய், பெட்டியைக்கூட வாங்காமல் கேட்டாளாம்: "வாய்யா என் ராசா, எத்தன நாளு லீவு?"

"மஸ்கட்ல எவனும் என்னய எப்பம் போறன்னு கேக்க மாட்டான் ஷஹானா. நான் இருக்கதே அவனுக்குத் தெரியாது. அதுல ஒரு நிம்மதி பாத்துக்க!"

அதன் பிறகு மற்றவர்களிடமும் கேள்வியை மாற்றிக் கேட்டேன். ஏங்குவது இருக்கட்டும், எதை விட்டுப் போனதில் உங்களுக்கு உள்ளூர உவகை? அடடா! குளத்து மடையைத் திறந்தது போல வந்து விழுந்தன பதிவுகள்!

சார்ஜாவில் இருக்கும் என் தோழி ஃபாயிஸா சொல்கிறாள்: "சாரல் சாரல்னு எல்லாரும் சாகுதாங்கள்ல, அந்தச் சாரல்ல ஒரு ஜட்டி காயுமாட்டி?"

மன்னிக்க வேண்டும் அண்ணாச்சி, எழுதியிருந்ததை அப்படியே வாசித்துவிட்டேன்.

ஆனால் தாய்மார்கள் கைதட்டுகிறார்கள், பாருங்கள்! ஆனி, ஆடி முழுக்க அடுப்படியில் கொடி, கூடத்தில் கொடி, கட்டில் காலிலிருந்து ஜன்னல் கம்பி வரை கொடி! ஃபேனுக்கு நேரே பாவாடை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் துண்டு! சாரலைப் பாடியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவராவது துணி துவைத்திருப்பாரா? "இங்கன மாடியில போட்டுட்டு அடுத்த துணிய எடுத்துட்டுப் போறதுக்குள்ள முந்துனது காஞ்சிருது ஷஹானா. நான் அதத் தொட்டுத் தொட்டுப் பாக்கேன்" என்கிறாள். பாலைவனத்தில் ஒரு பெண் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்துப் பூரிக்கிறாள்!

குவைத்தில் செவிலியராக இருக்கும் ஜாய் அக்கா சுருக்கமாகச் சொன்னார். விடுமுறையில் கடையம் பஸ்ஸில் ஏறினாராம். ஊர்க்காரர் குத்தாலிங்கம் மாமா அத்தனை கூட்டத்திலும் சட்டையைத் தூக்கி, "யம்மா ஜாய், இந்தக் கட்டியக் கொஞ்சம் அமுக்கிப் பாரு" என்றாராம். "குவைத்துல நோயாளிங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் இருக்காங்க" என்று நன்றியோடு முடித்துக்கொண்டார்.

இப்படியே இன்னும் பல. நேரம் கருதி விடுகிறேன். ஒரே ஒரு பதிவை மட்டும் விட முடியாது. அது என் வாப்பா சொன்னது.

என் வாப்பா முகம்மது யூசுப், தம்மாமில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாக அடுப்பு முன்னால் நிற்கிறவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. அதோ, மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை. வாப்பா, குனியாதீங்க.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் செய்யாத ஒரு தவறைத் தென்காசிக்காரர்கள் செய்வார்கள். லீவை ஜூலை மாதத்தில் போடுவார்கள்! ஏன்? தம்மாமில் ஜூலை வெயிலில் தார்ச்சாலை இளகும். அடுப்பு முன் நிற்பவருக்குக் கண்ணை மூடினால் பேரருவி தெரியும். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அதன் கீழே போய் நிற்க வேண்டும் என்று எண்ணி எண்ணி ஏறுகிறார் விமானத்தில். இவர் விமானம் ஏறும் அதே நாளில், அதே அருவியை எண்ணிக்கொண்டு, மதுரையில் ஒரு குடும்பம் வேன் ஏறுகிறது. எங்கே தங்கும் அந்தக் குடும்பம்? எங்கள் வீட்டில்!

இந்த லீவில் முதலில் வந்தது சலீம் மாமா குடும்பம், ஒன்பது பேர். என் உம்மாவுக்கு அண்ணன். இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வாப்பாவின் பழைய கூட்டாளிகள் நான்கு பேர். அவர்களுக்கு நடுவில், தாடி வைத்த ஒருவர் தனியாக வந்தார். மூன்று நாள் இருந்தார். மூன்று வேளை உண்டார். நாங்கள் மாமாவுடைய ஆள் என்று நினைத்தோம். மாமா எங்களுடைய ஆள் என்று நினைத்தார். போகும்போது, "அடுத்த சீசன்ல பாப்போம்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அவர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இத்தனை பேரையும் அருவிக்கு அழைத்துப் போவது யார்? உள்ளூர்க்காரரான வாப்பா. அவர்கள் குளிக்கும்போது துணியைப் பார்த்துக்கொள்வது யார்? உள்ளூர்க்காரரான வாப்பா. "நீங்க எப்ப வேணா குளிக்கலாம் மச்சான், இங்கனதான இருக்கீங்க!" இதுதான் எல்லோரும் சொல்வது.

போன வாரம் பேரருவிக் கரையில் நான் பார்த்தேன். தோளில் ஏழு பேண்ட். இடக்கையில் மூன்று கைக்கடிகாரம். சட்டைப் பைக்குள் நான்கு கைப்பேசி, ஒரு பல்செட் டப்பா. முகம் தெரியாத ஒருவர் வந்து, "அண்ணாச்சி, எங்க துணியையும் சேத்துப் பாத்துக்கிடுதீகளா?" என்று கேட்டார். வாப்பா தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டார்! "நீங்க குளிக்கலையா வாப்பா?" என்று கேட்டேன். "இம்புட்டையும் எங்கனட்டி வைக்க?" என்றார். கண் மட்டும் அருவியில் இருந்தது.

ஒன்பது லீவு, என் அன்புச் சபையோரே! ஒன்பது லீவிலும் ஒருமுறைகூட அந்த மனிதர் அருவியில் நனையவில்லை!

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில், விருந்தாளிகளுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். ஆம், அருவியில் குளித்துவிட்டு வந்து வெந்நீரில் ஒருமுறை குளிப்பார்கள். அப்போதுதான் என் கேள்வியைக் கேட்டேன். எதை விட்டுப் போவதில் உங்களுக்குச் சந்தோஷம் வாப்பா? "காலிங் பெல்லு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உம்மா பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்:

"ஜாஹிரா, அடுத்த லீவுக்கு நான் வரல. அங்கனயே இருந்திருதேன். வெள்ளிக்கிழம லீவுன்னா அங்க யாரும் என்னய எழுப்ப மாட்டாங்க."

உம்மா அடுப்பைக் குறைத்தார்.

உங்களைக் கேட்கிறேன். பத்தொன்பது ஆண்டு பாலைவன வெயிலைத் தாங்கியவர், பத்துப் பேர் படுக்கும் அறையைத் தாங்கியவர், பெருநாளில் தனியாக உண்பதைத் தாங்கியவர், எதைத் தாங்க முடியாமல் வரமாட்டேன் என்கிறார்? நம் பாசத்தை! நம் உபசாரத்தை! நம் 'எப்பம் போறே'யை! விட்டுப் போவதில் மகிழ்ச்சி என்று அவர்கள் எழுதும் பட்டியலில் கேள்வியும் ஈரத்துணியும் இருக்கட்டும், சிரித்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் எங்கள் வீடும் சேர்ந்தால், நான் எப்படிச் சிரிப்பேன்? எனக்கு வயது பதினேழு. வாப்பாவோடு உட்கார்ந்து, வேறு யாரும் இல்லாமல், ஒரு நாள் முழுக்கப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

வாப்பாவுக்கு வியாழக்கிழமை விமானம். இன்று செவ்வாய். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

இரண்டாவது வரிசையில் சலீம் மாமா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் மாமா.

"ஏட்டி, எங்களயா சொல்லுத?"

ஆமாம் மாமா. உங்களைத்தான் சொல்கிறேன். நாளை ஒரு நாள் எங்களுக்கு விட்டுக் கொடுங்கள்.

"அப்பம் நாங்க எங்கனட்டி போவோம்? பெட்டியெல்லாம் அங்கனல்லா கெடக்கு?"

தலைவர் அண்ணாச்சி தம் வீட்டுக்கு வரச் சொல்கிறார். பெரிய மனது! ஆனால் அண்ணாச்சி, பெண்கள் பக்கம் கொஞ்சம் பாருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணசுந்தரி அத்தை கையை ஆட்டுகிறார்கள்.

"இவுகளுக்கு என்ன, மேடையில இருந்து சொல்லிருவாக! எங்க வீட்டுல ராஜபாளையத்து ஆளு ஆறு பேரு கெடக்கு!"

சரி அத்தை, சரி. மாமா என்னமோ சொல்கிறார், கொஞ்சம் அமைதி.

"எங்கயும் போக வேண்டாம்ட்டி. நாளைக்குக் காலைல மச்சான் குளிக்கட்டும். துணிய நான் புடிக்கேன். மத்தியானத்துக்கு மேல நாங்க ஊருக்குக் கெளம்புதோம். இத்தன வருசமா ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலியட்டி!"

கைதட்டுங்கள்! மாமாவுக்காக இந்த மண்டபம் அதிரட்டும்! உண்மைதான் மாமா. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே உலை வைத்தோம், சொல்லாமலே பாய் விரித்தோம், சொல்லாமலே விமானம் ஏறிப் போனார்கள். இன்று இத்தனை பேர் முன்னால் ஒன்று கேட்கிறேன். வாப்பா, அடுத்த லீவுக்கு வருவீங்களா?

சத்தமாகச் சொல்லுங்கள் வாப்பா, பின்னால் கேட்கவில்லையாம்.

"வாறேன்ட்டி. ஏப்ரல்ல வாறேன். அருவியில வெறும் பாறதான் கெடக்கும், எவனும் வரமாட்டான்."

அருவி வேண்டாம் வாப்பா! நீங்கள் வந்தால் போதும்!

மாமா மறுபடியும் எழுந்துவிட்டாரே. என்ன மாமா?

"ஏப்ரல்ல பிள்ளையளுக்கு முழுப்பரீட்ச லீவுலா?"

வாருங்கள் மாமா! யார் வேண்டாம் என்றது? ஆனால் வாப்பா வந்து பத்து நாள் கழித்து வாருங்கள். இதுவே இந்தச் சபைக்கு என் விண்ணப்பம். கடல் கடந்து வருகிறவர் கண்ணாரத் தூங்கப் பத்து நாள்! பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்காரப் பத்து நாள்! கட்டியவளோடு காப்பி குடிக்கப் பத்து நாள்! அந்தப் பத்து நாளும் பெட்டி எங்கே என்று கேட்காதீர்கள், பயணம் எப்போது என்று கேட்காதீர்கள், வேனை எங்கள் தெருப் பக்கம் திருப்பாதீர்கள்! பதினோராம் நாள் வாருங்கள். ஊரோடு வாருங்கள். அந்தத் தாடிக்காரரையும் அழைத்து வாருங்கள். வாப்பாவே பாய் விரிப்பார்.

எழுதி வந்ததில் இன்னும் இரண்டு பக்கம் மீதி இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று தலைவர் அண்ணாச்சியும் கை காட்டுகிறார். ஆனால் வாப்பா எழுந்து வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார். உம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். அதனால் அந்த இரண்டு பக்கத்தையும் நான் வாசிக்கப் போவதில்லை.

மைக்கைத் தந்த தலைவருக்கும், மனதைத் தந்த மாமாவுக்கும், நிஜத்தைச் சொன்ன உமாசங்கர் அண்ணனுக்கும், இடையில் எழுந்து போகாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஸலாம், வணக்கம். நான் வீட்டுக்குப் போகிறேன்.