மிஷினோடு போட்ட சண்டை

திருவையாறு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். இளையவர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஷினுக்கெல்லாம் மூளை வந்து மனுஷனோட சண்டைக்கு நிக்குமாம்க்கா. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டா வரும்?”

மூத்தவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. “அந்தச் சண்டையத்தான் நாம போட்டு முடிச்சிட்டோமேடி.”

“எப்ப?”

“அறுப்பு மிஷினு மொத மொத நம்மூருக்கு வந்தப்ப. பொழப்பு போயிடும்னு வண்டிப்பாதையில குறுக்க உக்காந்தோமே, மறந்துட்டியா? திரும்பிப் போயிடுச்சுல்ல.”

“ஆமா. அன்னைக்கு ஜெயிச்சுட்டுல்ல வந்தோம்.”

“மறுநாளு என்ன பண்ணுனோம்?”

இளையவர் போனை அணைத்து மடியில் வைத்தார்.

“மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. கதிரு பூரா சாஞ்சு கெடந்துச்சு. மிஷினு வேற பக்கமா வயல்ல எறங்கி, சேத்துல மாட்டிக்கிச்சு. நாமதான் ஓடிப்போய் தென்னமட்டைய அடியில போட்டு ஏத்திவிட்டோம்.”

“அப்படியே விட்டிருக்கலாம்.”

“எப்படிக்கா விடுறது? நெல்லு நனைஞ்சிடுமே.”

“அதான் சொல்றேன். அந்த மூளை வச்ச மிஷினு வந்தாலும் இப்படித்தான் நடக்கும். மொத நாளு மறிப்போம். மறுநாளு ஏதாவது ஒண்ணு நனையும்.”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. இளையவர் மெதுவாகக் கேட்டார்.

“அடுத்த அறுப்புக்கு நம்மள யாரும் கூப்புடவே இல்லையில்லக்கா?”

“கூப்புட்டாங்களே. மிஷினு வயல்ல எறங்குறதுக்கு வரப்பை வெட்டிவிடச் சொல்லி.”