தனி ஊழியம்

மண்டபம் போகிற பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. அவர்கள் பேச்சு அவ்வளவு சத்தம். மடியில் வேதப்புத்தகம் வைத்திருந்த மூத்தவள் சொன்னாள்:

"ஆண்டவரு கூப்பிட்டது என்னைய. பாஸ்டரய்யா மைக்கைக் குடுத்தது ஒனக்கு."

"நீங்களே வாங்கிக்கிறீகளா மதினி?"

"வேணாம். இனிமே சபைக்கூட்டம் எனக்கு ஒத்துவராது. தனியாவே வீடு வீடாப் போயி ஜெபம் பண்ணப் போறேன். இன்னைக்கே பாஸ்டர்கிட்டச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க. ஆனா நீங்க மூச்சு வாங்குற எடத்துல நான் 'அல்லேலூயா' சொன்னாத்தான ஒங்களுக்கு அடுத்த வார்த்தையே வரும்? அங்கன யாரு சொல்லுவா?"

மண்டபம் வந்ததும் மூத்தவள் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். இறங்கும்போது சொன்னாள்:

"நீயும் வந்துரு. தனி ஊழியம்னா ரெண்டு பேராவது வேணும்ல."