கதவோரக் காலணிகளை மீண்டும் வாசித்தவருக்கு

கிரிம்ஸ்பி, மீன்துறைத் தெரு மேல்நிலைப் பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவர் திருமதி ஹிலரி மம்பி அவர்களின் பணி நிறைவு நாளில், உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல்

சொல்லியதைச் செவ்வனே வாசிக்கவும், சொல்லாததைச் சான்றோடு மட்டுமே உய்த்துணரவும் கற்பித்த பெருமாட்டியே!

முப்பத்தோர் ஆண்டுகளாகத் தங்கள் வகுப்பில் எவரும் ஒரு கவிதையைப் பற்றி மனம்போன போக்கில் பேசிவிட்டு அமர்ந்ததில்லை. "அது எந்த வரில இருக்கு? காட்டு" என்னும் தங்கள் வினாவுக்கு மாணவர் அஞ்சினர், ஆசிரியர்களாகிய நாங்கள் அவரினும் மிக அஞ்சினோம்.

கடந்த குளிர்காலத்து மாதிரித் தேர்வை இம்மடல் மறைக்காது. மீனவன் மனைவியொருத்தி மேசையில் இரு தட்டுகளை வைத்து, வெற்று நாற்காலியோடு பேசும் அப்பன்னிரு வரிக் கவிதையில், கணவன் கடலில் மாண்டான் என்றே இருபத்தாறு ஆண்டுகள் தாங்களும், தங்கள் அடியொற்றி நாங்களும் கற்பித்தோம். இழுவைப் படகுக்காரர் மகள் கெல்சி பிளாஞ்சர்டோ, அவன் உயிரோடிருக்கிறான் என்று எழுதினாள். தாங்கள் இருபதுக்கு ஐந்து வழங்கினீர்கள். அம்மதிப்பெண் நின்றிருந்தால் அடுத்த ஆண்டு உயர்நிலை இலக்கிய வகுப்பில் அவளுக்கு இடமில்லை. அதே தாளைத் தனியே திருத்திய நம் துறையின் இளம் ஆசிரியர் ஓவன் லீக் வழங்கியதோ பதினேழு.

மதிப்பெண்களை ஒப்பிடும் கூட்டத்தில், "கவிஞர் உங்கிட்ட மட்டும் தனியா வந்து சொல்லிட்டுப் போனாராப்பா?" என்று ஓவனைக் கேட்டீர்கள்.

"நீங்க கேக்குறதத்தான் நானும் கேக்குறேன், ஹிலரி. அவன் செத்துட்டான்னு எந்த வரில இருக்கு?" என்றார் ஓவன்.

தாங்கள் கவிதையை உரக்க வாசித்தீர்கள். ஒன்பதாம் வரியில், கதவோரம் ஈரம் காயாத காலணிகள் இருந்தன. அங்கே நிறுத்தினீர்கள். அவ்வரியை மீண்டும் வாசித்தீர்கள். பின்னர்த் தங்கள் ஐந்தைத் தாங்களே அடித்துப் பதினெட்டு என எழுதினீர்கள். ஓவனைவிட ஒன்று கூடுதல்.

அத்துடன் அமையாமல், மறுநாள் காலை வகுப்பின் முன் நின்று, "இருபத்தாறு வருஷமா ஒரு நல்ல மனுஷன நான் கொன்னுக்கிட்டே இருந்திருக்கேன். கெல்சி காப்பாத்திட்டா" என்று அறிவித்த அஞ்சாமையே, அன்னையீர், தங்கள் அருஞ்சேவைக்கெல்லாம் மணிமுடி!

"கடலுக்குப் போறவன் பூட்ஸ விட்டுட்டா போவான், மிஸ்? வந்து மாத்திக்கிட்டு ஊருக்குள்ள எங்கயோ சுத்துறான். சாப்பாடு ஆறுதுன்னு அந்தம்மா நாற்காலியத் திட்டுது. எங்கம்மாவும் அப்படித்தான்!" என்றாள் கெல்சி. வரும் இலையுதிர் காலத்தில் உயர்நிலை வகுப்பின் முதல் வரிசையில் அவள் அமர்கிறாள்.

இம்மடலிலும் பிழை காண்பீர்கள். வரியைச் சுட்டினால் திருத்துவோம்.

இன்று நாங்கள் அளிக்கும் நடைக்காலணிகள் கரையெல்லாம் தங்களைச் சுமந்து, தங்கள் கதவோரத்தில் பல்லாண்டு ஈரம் காயாதிருக்கட்டும்! அவற்றைக் காணும்போதெல்லாம், தாங்கள் பக்கத்தில்தான் எங்கோ போயிருக்கிறீர்கள் என்றே பொருள்கொள்வோம்.

இங்ஙனம்,
இனி வரியைக் காட்டியே பேசவிருக்கும்
ஆங்கிலத் துறை ஆசிரியர்களும் பள்ளி அலுவலர்களும்