பாத்துக்கலாம்

ஐயா, நாற்காலி போட்டதற்கு நன்றி. நாளெல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவனுக்கு உட்காரச் சொல்வதே பெரிய மரியாதை.

கார்களுக்கு வேகம் ஏற்றித் தருவது என் தொழில். கம்பெனிக்காரன் பயந்து பயந்து கிள்ளிக் கொடுத்ததை நான் அள்ளிக் கொடுப்பேன். அதனால் என்னை எல்லோருக்கும் பிடிக்கும்.

எங்கள் ஊர் நூலகரும் அதற்குத்தான் வந்தார். மனைவியின் தம்பிகள் அவருக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். குடும்பமாக எங்கே கிளம்பினாலும் அவர் கார்தான் கடைசியில் போய்ச் சேருமாம்.

“ஒரே ஒரு தடவை அவனுங்களுக்கு முன்னாடி போய் இறங்கணும்ணே.”

எனக்கு இளகிய மனசு. இன்ஜினின் சக்தியைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக் கொடுத்தேன்.

“இந்த வேகத்துக்குப் பிரேக் தாங்குமாண்ணே?”

“பாத்துக்கலாம்.”

எங்கள் பட்டறையில் அதற்கு ‘செய்யப்போவதில்லை’ என்று பொருள். அவரோ ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்தபோதே எனக்கு அது புரிந்தது. அத்தனை புத்தகங்களோடு வாழ்கிற மனிதருக்கு நான் போய் அர்த்தம் சொல்வதா?

ஒரே மாதத்தில் திரும்பி வந்தார்.

“பிரேக் விளக்கு செவப்பா எரிஞ்சுக்கிட்டே இருக்குண்ணே. வீட்ல பயப்படுறாங்க. நாளைக்கு எல்லாரும் மலைக்குப் போறோம்.”

கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டைகள் தேய்ந்து இரும்பு தெரிந்தது. புதியவை வர மூன்று நாளாகும். அவர் ஆசையோ மறுநாளைக்கு. யோசித்தேன். விளக்கின் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“இப்ப எரியுதா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் என்ன? மச்சானுங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போங்க.”

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சொல்லுங்கள்.

காட்டியிருக்கிறார். மலை இறக்கத்தில் முந்திப் போயிருக்கிறார். அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அங்கேயே போய்விட்டார். நொறுங்கிய காரை இழுத்து வர உங்கள் போலீஸ் ஆட்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இழுவை வண்டி வைத்திருப்பவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

பிறகு உங்கள் நிபுணர் வந்து பார்த்தார். விளக்கு நன்றாக எரிகிறது, எச்சரிக்கையை மதிக்காமல் ஓட்டியிருக்கிறார் என்று எழுதினார். நூலகர் உள்ளே போனார்.

பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“விளக்கு எரிஞ்சிருக்குண்ணே, நான்தான் கவனிக்கல. அவளை நானே கொன்னுட்டேன். நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டியையும் நாசம் பண்ணிட்டேன்.”

“விடுங்க,” என்றேன். எனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் இல்லை. மன்னித்துவிட்டேன்.

பல்பில் என் கைரேகை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். காரை இழுத்து வந்த அன்றே அதைத் திரும்ப மாட்டியது நான்தான். என் பட்டறைக்கு வந்த வண்டியில் ஒரு சாமான் குறைந்துவிட்டது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, ஐயா.