அணைச்சுடணும்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க மேடம். இந்தச் சத்தத்துல நீங்க கேக்கறதுல பாதி எனக்குக் கேக்கல. நான் சொல்றதுல பாதி உங்க ஸ்டேஷன் ரைட்டருக்கும் கேக்காது, அப்புறம் அவர் இஷ்டத்துக்கு எதையாவது எழுதி வைப்பார். எனக்கு அது பிடிக்காது. கேக்கறதுதான் என் தொழிலே. கண்ணாடிக் கடைக்கு மேல மாடியில எனக்கு ஒரு ரூம் இருக்கு. ஒரு சோபா, அதோட தலைமாட்டுக்குப் பின்னாடி என் நாற்காலி. வர்றவங்க படுத்துக்கிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. நான் முகத்தைக் காட்ட மாட்டேன், புத்திமதி சொல்ல மாட்டேன். பேச்சு எந்த இடத்துல தடுக்கி விழுதுன்னு மட்டும் பார்ப்பேன்.

பக்கத்து ரூம்ல உட்கார வெச்சிருக்கீங்களே, அவங்க என்கிட்ட வந்துக்கிட்டு இருந்தவங்கதான். பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிப்பு சொல்ற வேலை. மனசுக்குள்ள அவங்களை நான் மைக்குன்னுதான் கூப்பிடுவேன். அவங்க உங்ககிட்ட ஒரு தப்பான தகவலைச் சொல்லியிருக்காங்க. அதைத் திருத்திட்டுப் போலாம்னுதான் வந்தேன்.

ஆரம்பத்துல ரொம்பச் சின்ன விஷயத்துக்குத்தான் வந்தாங்க. அவங்கம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மெஷின் இல்லாம மூச்சு விட முடியாதுன்னு ஆயிடுச்சு. அதுலேர்ந்து இவங்களுக்கு மைக்ல நாக்கு புரள ஆரம்பிச்சிருக்கு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு சொல்ல வேண்டியவங்க, ஒருநாள் "கனிவான கவலைக்கு"ன்னு சொல்லிட்டாங்க. பஸ் ஸ்டாண்டே கொல்லுன்னு சிரிச்சிருக்கு. கண்டக்டருங்க பார்க்கிற இடத்துலயெல்லாம் "என்னக்கா, கவலையெல்லாம் எப்படி இருக்கு?"ன்னு ஓட்டியிருக்காங்க. என்கிட்ட சொல்லும்போது அவங்களும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. நாக்கு தவறவே தவறாதுன்னு நம்புறவன் நான்.

அப்புறம் ஒருநாள், கூரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "அம்மா படுத்திருக்கிறதைப் பார்த்தா, சில நேரம் அப்படியே அணைச்சுடணும் போல இருக்கு டாக்டர்."

உடனே திருத்தினாங்க. "அணைச்சுக்கணும். அணைச்சுக்கணும் போல இருக்கு."

நான் பின்னாலேயிருந்து மெதுவா, "முதல்ல என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

நீங்களே சொல்லிப் பாருங்க மேடம். குழந்தையை அணைக்கிறோம், விளக்கையும் அணைக்கிறோம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இதை நீங்களும் நானும் செஞ்சு வைக்கல. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே வார்த்தைங்க நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. நாம அதைப் பேசுறதா நினைக்கிறோம், அதுதான் நம்மளைப் பேசுது. குழந்தை அழுதா பால் கொடுக்கறோம். வயிறு நிறைஞ்சப்புறமும் அழும். பால்னா என்னன்னு அதுக்குத் தெரியும். அதுக்கு மேல தனக்கு என்ன வேணும்னு அதுக்கே தெரியாது, சொல்லவும் வார்த்தை கிடையாது. மிச்சமா நிக்குதே அந்த அழுகை, அதுக்குப் பேர்தான் ஆசை. பெரியவங்களுக்கு அது நாக்கு வழியா எட்டிப் பார்க்கும். சிரிக்கிறீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க.

அடுத்த தடவை வந்தப்ப அவங்க முகம் வெளிறிப் போயிருந்துச்சு. "எனக்குள்ள அப்படி ஒரு நினைப்பு இருக்கா டாக்டர்?"ன்னாங்க. நான் பதில் சொல்லல. சொல்லாம இருக்கறதுதான் எங்க முறை. அம்மா ரூம்ல படுக்கப் பயந்துக்கிட்டு ஹாலுக்கு வந்துட்டாங்க. மெஷின் ஃபில்டரைக் கழுவறதுக்காக ஸ்விட்சுகிட்ட ஒரு கை போனா, இன்னொரு கையால அந்த மணிக்கட்டைப் பிடிச்சுக்குவாங்களாம். தலை வாரி விடறதையும் நிறுத்திட்டாங்க. "தொட்டா என்ன செஞ்சுடுவேனோன்னு பயமா இருக்கு டாக்டர். நீ செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்." அவங்க நடுங்கறதுல சோபா ஆடுறது எனக்குத் தெரிஞ்சுது. நான் சொல்லல.

கடைசியா வந்த அன்னிக்கு அவங்க படுக்கவே இல்ல. செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னாங்க. "கட்டிப்பிடிச்சுக்கணும்னு சொல்ல வந்தேன் டாக்டர், வேற ஒண்ணுமில்ல. வாய் தவறி வந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, பெத்த தாயைத் தொட விடாம பண்ணிட்டீங்க. இனிமே நான் இந்தப் படி ஏற மாட்டேன்."

அன்னிக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு மேடம். இதை ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அவங்க சொல்றது சரின்னா, இத்தனை வருஷமா அந்த நாற்காலியில உட்கார்ந்து நான் கேட்டது எதை? எத்தனை பேரை இப்படி நடுங்க விட்டு அனுப்பியிருப்பேன்? கீழ்க் கடைக்காரர் "உடம்பு சரியில்லையா டாக்டர்?"னு கேட்டார். அந்தக் கேள்விக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு பார்க்கக்கூடத் தோணல, அந்த அளவுக்கு ஆடிப் போயிருந்தேன். அவங்க சொன்னது தப்பா இருந்தாகணும். அவங்க ஆசை உண்மையா இருந்தாகணும்.

அவங்க வீடு எனக்கு அத்துப்படி. சோபால படுக்கிறவங்க எதையும் விட்டு வைக்க மாட்டாங்க. மதியம் வந்து அம்மாவுக்கு ஊட்டிட்டு, ஃபில்டரைக் கழுவி மாட்டிட்டு, மறுபடி டியூட்டிக்குப் போயிடுவாங்க. எதிர்வீட்டு அக்கா வந்து உட்காரக் கொஞ்ச நேரம் ஆகும். சாவி ஜன்னல் கம்பியில தொங்கும். போனேன். கட்டில் பக்கத்துல மெஷின் முனகிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தினேன். அவங்களால செய்ய முடியாததை அவங்களுக்காகச் செஞ்சேன்னு சொன்னா சரியா இருக்கும்.

அம்மா போய்ச் சேர்ந்ததும் பாரம் இறங்கி, திரும்ப வந்து சோபாவுல சாய்வாங்கன்னு எதிர்பார்த்தேன். அவங்க நேரா இங்க வந்துட்டாங்க. ஃபில்டரை மாட்டினப்புறம் மெஷினைப் போட்டோமா இல்லையான்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல. மறதின்னு ஒண்ணு கிடையாது, கை வேணும்னேதான் மறக்கும்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதான் "என் கைதான் அணைச்சிருக்கும்"னு உங்ககிட்ட கையை நீட்டியிருக்காங்க. அது அவங்க கை இல்ல, என் கை.

நீங்க கேக்கறது புரியுது. "நீ அப்படி ஆசைப்படவே இல்லம்மா"ன்னு நான் போய் ஒரு வார்த்தை சொன்னா அவங்க எழுந்து வீட்டுக்குப் போவாங்க. சொல்லலேன்னா, நீங்க விட்டாலும் அவங்க தன்னை விட மாட்டாங்க. எனக்கும் தெரியுது. ஆனா என்னால பொய் சொல்ல முடியாது மேடம். அந்த வார்த்தை அவங்க வாயிலேர்ந்து வந்தது.

மிச்சத்தையும் எழுதிக்கோங்க. மெஷின் நின்னதும் படுத்திருந்தவங்க கண்ணு திறந்துச்சு. யாருன்னு கேக்கல, கத்தல. ரெண்டு கையும் மேல வந்துச்சு. குழாயைக் கேக்கறாங்களா, என்னைத் தள்ளப் பார்க்கறாங்களா, இல்ல கிட்ட வான்னு கூப்பிடறாங்களா, எனக்குப் புரியல. கொஞ்சம் குனிஞ்சிருந்தா எட்டியிருக்கும். குனியல. சுவரை ஒட்டி நின்னுக்கிட்டு, எங்கம்மா கை ரெண்டும் இறங்கிப் போர்வை மேல விழுற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ஏன் எழுதறதை நிறுத்திட்டார்? அவங்கம்மான்னுதானே சொன்னேன். இல்லையா? எங்கம்மான்னா சொன்னேன்? ரைட்டர் காதுலயும் அப்படித்தான் விழுந்துச்சா? சரி, அடிச்சுட்டு அவங்கம்மான்னு போட்டுக்கச் சொல்லுங்க. எங்கம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு, அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வாய் தவறிடுச்சு மேடம். அதுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது.