எண்ணத் தெரியாத மாஸ்டர்

— நான் முழுப் பொறுப்போட சொல்றேன் மாமா. மனுஷன் ரெண்டு காலால நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், கையைத் தூக்கி இறக்கினதால ஒருத்தனோட கவலையும் இறங்கினதில்லை.

— சரி மாப்ளே.

— மறுத்துப் பேசுங்க. இப்படி ஒத்துக்கிட்டா எனக்கு அடுத்த வரி வராது.

— தெம்பில்ல. விடு.

— எப்படி விடுறது? உங்க வகுப்புக்கு வர்ற தையல்காரம்மா போன் பண்ணாங்களாம், மாஸ்டர் மேல வராம மாடிப்படியிலேயே உக்காந்திருக்கார்னு. "போய் என்னன்னு பாருடா"ன்னு அக்கா விரட்டிட்டா. பார்த்துட்டேன். கழுத்துல துண்டு இருக்கு. மூஞ்சியில கரண்ட் இல்லை.

— மேல போய் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிடு. இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே வகுப்பே இல்லைன்னு.

— நல்ல முடிவு. பகல் பூரா லிஃப்ட் ரிப்பேர், சாயங்காலமானா மனநல டாக்டர் அனுப்புறவங்களுக்கு ஓசியில உடற்பயிற்சி. அதுலயும் உங்களுக்கு எட்டு வரைக்கும் எண்ண வரலை. போன வாரம் வாசல்ல நின்னு கேட்டேனே, நாலு, அஞ்சு, ஏழுன்னு. காலேஜ்ல கணக்குப் படிக்கிறவன் மாமா நான். காது கூசுது.

— எனக்கு எண்ணத் தெரியும்.

— ஆதாரம் அப்படிச் சொல்லலையே.

— தபால்காரர் வர்றாரில்ல? சம்சாரம் போனதுலேர்ந்து மனுஷன் வாயே திறக்கலை. மகன் கூட்டிட்டு வந்து பார்சல் மாதிரி நாற்காலியில வெச்சுட்டுப் போவான். ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல நான் ஆறை விட்டுட்டு ஏழுக்குத் தாவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆறு எங்கய்யா?"ன்னார். அதட்டினார்னே வெச்சுக்க.

— அப்புறம்?

— வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்த மகன் அப்படியே தரையில உக்காந்துட்டான். அன்னிலேர்ந்து நான் வேணும்னேதான் விடுறேன். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து திருத்துவாங்க. அடுத்தவன் தப்பைத் திருத்தணும்னா மட்டும் எங்கேர்ந்தோ உசுரு வந்துடுது.

— ஆக, பொய்க்கணக்கு சொல்லிக் கூட்டம் நடத்துறீங்க.

— நேத்து பொய்யில்ல.

— புரியலை.

— மூணு வரைக்கும் எண்ணினேன். அதுக்கப்புறம் என்னன்னு நிஜமாவே வரலை. தூக்கின கை தூக்கினபடி நின்னேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே "நாலு, மாஸ்டர்"னு சொன்னாங்க. வழக்கமான விளையாட்டுன்னு நினைச்சுட்டாங்க.

— தூக்கம் பத்தலையா இருக்கும்.

— அதுன்னா தூங்கி எழுந்தா சரியாயிருக்கும். இது ரொம்ப நாளா இருக்கு மாப்ளே. காலையில செருப்புல காலை நுழைக்கிறதே ஒரு வேலையா இருக்கு. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுமில்ல? உள்ள லைட் எரியும், ஃபேன் ஓடும். நகராது.

— அக்காகிட்ட சொன்னீங்களா?

— என்னன்னு? ஊருக்கெல்லாம் தோளைத் தளர்த்தச் சொல்ற ஆளு, வீட்டுல பனியனைக் கழட்டத் தெம்பில்லாம கிடக்கான்னா? சிரிப்பாங்க.

— நான் சிரிக்கலை.

— நீ எதுக்குத்தான் சிரிச்சே? அது உன் வியாதி.

— மாஸ்டர், வாங்களேன். நாற்காலியெல்லாம் போட்டாச்சு. தபால்காரர் அப்பவே காலை நீட்டிட்டார்.

— இதோ வர்றோம் தையல்காரம்மா. நீங்க போங்க.

— என்னால முடியாது மாப்ளே. முன்னாடி போய் நின்னா இன்னிக்கு ஒண்ணுகூட வராது.

— முன்னாடி உங்களை யார் நிக்கச் சொன்னா? அம்மா, ஒரு நிமிஷம். கடைசி வரிசையில இன்னொரு நாற்காலி போடுங்க. இன்னிக்கு மாமாவும் உங்கள்ல ஒருத்தர்.

— அப்ப யாரு நடத்துறது? நீங்களா தம்பி? இதெல்லாம் வெட்டி வேலைன்னு போன வாரம் சொன்னீங்களே.

— என் கருத்துல மாற்றம் இல்லைம்மா. எழுந்திருங்க மாமா. என் தோளைப் பிடிச்சுக்கங்க, படி பார்த்து. முடிஞ்சதும் ரெண்டு பேரும் அந்த டாக்டரைப் பார்க்கப் போறோம். இத்தனை பேரை உங்ககிட்ட அனுப்பினவர், ஒருத்தரை வாங்கிக்க மாட்டாரா?

— அக்கா?

— அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். இன்னும் ரெண்டே படி. ஆங், அந்த நாற்காலிதான். உக்காருங்க. எல்லாரும் ரெடியா? கையை மேல தூக்குங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு.

— தம்பி, நடுவுல நீங்க—

— நீங்க இருங்கம்மா. தபால்காரரே, நீங்களும் கொஞ்சம் பொறுங்க. கடைசி நாற்காலியைக் கேக்குறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு.

— கை வலிக்குது தம்பி.

— வலிக்கட்டும்மா. மூணு. அஞ்சு.

— நாலு.

— கேக்கலை மாமா.

— மூணுக்கு அப்புறம் நாலு, மாப்ளே.

— அப்படியா? எங்க காலேஜ்ல இன்னும் அதுவரைக்கும் நடத்தலை. சரி, மறுபடியும் கையைத் தூக்குங்க. நாலு. அஞ்சு. எட்டு.